நகராத காரின் பாட்டரி

துபாய் கராமாவில் குளிர்காலம் வந்துவிட்டதைத் தெரிந்துகொள்ள வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கார் நிறுத்த இடம் கிடைக்காது, அவ்வளவுதான். வெயில் இறங்கியதும் ஊரே வெளியில் வந்துவிடும். ஷாப்பிங் திருவிழாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நகல் கைப்பை தேடிக் கடை கடையாக ஏறுவார்கள். ஷார்ஜாவிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தோசை தின்ன வருவார்கள். உள்சந்துகளில் காசில்லாமல் நிறுத்தலாம் என்பதால், வேறு எங்கேயோ வேலை உள்ளவனும் இங்கே நிறுத்திவிட்டு நடந்து போவான். சந்துக்குச் சந்து பத்து கார்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். நடைபாதையில் போகிற எவனாவது சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தால் போதும், அத்தனை கார்களும் அவன் பின்னால் திரும்பும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு நவம்பரில் இந்தக் கராமாவில் ஞானசிங்குக்கு ஓர் இடம் கிடைத்தது. சாதாரண இடமல்ல. அவன் குடியிருந்த கட்டடத்தின் வாசலுக்கு நேர் எதிரே. குப்பைத் தொட்டி பக்கத்தில் இல்லை. தூண் இடிக்காது. பிற்பகலில் கட்டட நிழல் விழும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவன் கண் முன்னால் அந்த இடம் காலியானது. காரைச் செருகினான். இறங்கிப் பூட்டினான். நாலடி பின்னால் போய் நின்று பார்த்தான். அதன் பிறகு அந்தக் காரை அவன் எடுக்கவே இல்லை.

ஞானசிங் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு லிப்ட் கம்பெனியில் டெக்னீஷியனாக வந்தவன். துபாய் மேல்நோக்கி வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. லிப்ட் வேலை தெரிந்தவனுக்கு லீவு கிடைக்காதே தவிர, வேலை போகாது. கரண்ட் போய் நடு மாடியில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவு திறந்து வெளியே கொண்டுவருவதில் கெட்டிக்காரன் என்று கம்பெனியில் பெயர். டிரைவிங் லைசென்ஸ் மட்டும் எட்டாவது தடவையில்தான் கிடைத்தது. ஏழு தடவையும் பார்க்கிங்கில்தான் தோற்றான். எட்டாவது தடவை போலீஸ்காரருக்கே அலுத்துவிட்டது என்பது அறையில் கீழ்க்கட்டிலில் படுக்கும் எபினின் கருத்து.

லைசென்ஸ் வந்த பிறகு கார் இல்லாமல் இருப்பது, நிச்சயம் முடிந்த பிறகு கல்யாணம் செய்யாமல் இருப்பது போல என்று ஞானசிங்குக்குப் பட்டது. நாலு கை மாறிய வெள்ளி நிறத்து ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினான். முந்தைய முதலாளி ஒருவர் பின்னால் இடி வாங்கி, டிக்கிக்கு வேறு மூடி மாட்டியிருந்தார். அதில் சாவித் துவாரம் ஒப்புக்கு இருந்தது, சாவி நுழையாது. டிக்கி திறக்க வேண்டுமானால் ரிமோட்தான். ரிமோட் வேலை செய்ய வேண்டுமானால் பாட்டரி உயிரோடு இருக்க வேண்டும். வாங்கும்போது இதெல்லாம் பெரிய குறையாகத் தெரியவில்லை. ஓடுகிற காரில் பாட்டரி உயிரோடுதானே இருக்கும்.

வேலைக்குப் போகக் கம்பெனி பிக்கப் வரும். கறி வாங்கக் கடை எதிரில். அப்படியானால் கார் எதற்கு என்று யாரும் கேட்டுவிட முடியாது, ஏனென்றால் பதில் தயாராக இருந்தது: ரெபேக்காள் வருகிறாள்.

ரெபேக்காள் அவன் மனைவி. நாகர்கோவிலில் நர்ஸ். பர் துபாயில் ஒரு கிளினிக்கில் அவளுக்கு வேலை கிடைத்து, பிப்ரவரியில் வருவதாக இருந்தது. கல்யாணமாகி மூன்று வருடத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது இரண்டு லீவு மட்டுமே. அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் பலகை அடித்துப் பிரித்து வாடகைக்கு விட்ட அறையை ஞானசிங் பிப்ரவரிக்குப் பேசி வைத்திருந்தான். அதுவரை எட்டுப் பேர் படுக்கும் பேச்சிலர் அறைதான். அங்கே ஆளுக்கு ஒரு கட்டிலும் கட்டிலடியில் ஒரு பெட்டியும். குக்கர் வாங்கினால் வைக்க இடமில்லை.

எனவே குடித்தனம் டிக்கியில் சேர்ந்தது. திருவிழாத் தள்ளுபடியில் ஒரு நாள் குக்கர், ஒரு நாள் மிக்ஸி, ஒரு நாள் புலிப்படம் போட்ட கம்பளி, தட்டு, டம்ளர், திரைச்சீலை. தினமும் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்ததும் ஞானசிங் கீழே இறங்கிப் போய் டிக்கியைத் திறப்பான். புதிதாக வாங்கியதை வைப்பான். பழையதை அடுக்கிப் பார்ப்பான். பிறகு ஒரு துணியை எடுத்துக் காரைத் துடைப்பான். தூசி படிந்து கிடந்தால் கைவிட்ட வண்டி என்று நகராட்சிக்காரர்கள் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். கராமாவிலேயே சுத்தமான கார் அதுதான்; ஓடினால்தானே அழுக்காகும்.

போனில் ரெபேக்காள் கேட்பாள்.

"வண்டி எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு."

"ஏர்போர்ட்டுக்கு நம்ம வண்டியிலதானே வருவிய?"

"பின்னே? நம்ம வண்டியில ஏறுத, நம்ம வாசல்ல எறங்குத. பெட்டிய பத்தடி தூக்கண்டாம்."

இந்த வாக்குறுதியை அவன் வாரா வாரம் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் மனம் குளிர்ந்தான். அதன் முன்பாதி பின்பாதியைத் தின்றுவிடும் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

டிசம்பரில் ஒரு காலை பனி மூட்டம். ஞானசிங் இட்லிப் பானையோடு இறங்கி ரிமோட்டை அமுக்கினான். சத்தமில்லை. மறுபடி அமுக்கினான். காரைச் சுற்றி வந்து அமுக்கினான். காரின் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. ஒரு மாதமாக அலாரம் கொஞ்சம், டிக்கி விளக்கு கொஞ்சம் என்று உறிஞ்சி, பாட்டரி செத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பின்னால் ஒரு வெள்ளைக் கொரோலா வந்து நின்றது. ஷம்சாத். இரண்டாம் மாடிக்காரர், ஹைதராபாத்காரர், வாட்ச் கடை சேல்ஸ்மேன். இந்த இடத்தின் மேல் அவருக்கு இருந்த காதல் சந்துக்கே தெரியும்.

"பாய், ஜா ரஹே ஹோ?" கிளம்புகிறாயா என்று ஆசையாகக் கேட்டார்.

"நஹி பாய். பாட்டரி டவுன்."

ஷம்சாத்தின் முகம் மலர்ந்தது. தன் டிக்கியிலிருந்து கேபிளை எடுத்து, சட்டைக் கையை மடித்து, கொரோலாவைப் பக்கத்தில் கொண்டுவந்து மாட்டி, ஒரே முறுக்கில் ஞானசிங்கின் காரை உறுமவிட்டார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, வழி விட்டு, சந்தின் வாய்க்கே போய் நின்று வரவேற்பது போலக் கையை வீசினார்.

"யல்லா பாய்! ஆவோ, ஆவோ!"

ஞானசிங் காருக்குள் உட்கார்ந்திருந்தான். இஞ்சின் ஓடியது. கார் நகரவில்லை. ஷம்சாத் கை வீசினார். கார் நகரவில்லை. இஞ்சின் சூடாகிப் பாட்டரி கொஞ்சம் ஏறியிருக்கும் என்று தோன்றியதும் ஞானசிங் அணைத்துவிட்டு இறங்கி, இட்லிப் பானையை டிக்கியில் வைத்தான்.

"ஷுக்ரியா பாய்," என்றான்.

ஷம்சாத் அவனைப் பார்த்த பார்வையில் ஹிந்தியும் இல்லை, உருதும் இல்லை. எல்லா மொழிக்காரருக்கும் புரிகிற பார்வை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஞானசிங் பஸ் பிடித்து சத்வாவில் மெக்கானிக் முகம்மது சித்தீக்கைப் பார்க்கப் போனான். கீழக்கரைக்காரர். பாதி உடம்பு ஒரு வேனுக்கு அடியில் இருந்தது.

"வண்டி எங்க தம்பி?"

"பார்க்கிங்ல நிக்குது பாய்."

சித்தீக் வேனுக்கு அடியிலிருந்து முழுசாக வெளியே வந்தார். "வண்டி இல்லாம மெக்கானிக்கத் தேடி வந்த மொத ஆளு நீங்கதான். சொல்லுங்க."

ஞானசிங் சொன்னான். சித்தீக் கேட்டுவிட்டு, இது ஒரு விஷயமா என்பதுபோல் கையைத் துடைத்தார். "வெயில் காலத்துல வெந்த பாட்டரி. குளிர்ல கையக் காட்டுது. வாரத்துக்கு ஒரு தடவ அர மணி நேரம் ஓட்டுங்க. தானா சார்ஜ் ஏறிரும்."

"ஓட்டாம வேற வழி இருக்கா பாய்?"

"ஓட்டாமன்னா?"

"எடுத்தா எடம் போயிரும்."

சித்தீக் கைத்துணியை வேனின் மேல் போட்டார். பிறகு, தலைவலி என்று வருபவனுக்குத் தலையை வெட்டச் சொல்லாத டாக்டர் போல, பொறுமையாகச் சொன்னார். "அப்ப பாட்டரியோட மைனஸ் டெர்மினல மட்டும் கழட்டிப் போட்டுருங்க. மாசக் கணக்குல தாங்கும். ஆனா கழட்டிட்டா ரிமோட் கெடையாது. முன் கதவ சாவி போட்டுத் தெறந்துக்கலாம், உள்ள லீவர் இழுத்தா பானெட் தெறக்கும். டிக்கி மட்டும் தெறக்காது. அதனால, கழட்டுறதுக்கு முன்னாடி டிக்கில உள்ள சாமான எல்லாம் எடுத்துருங்க."

"எடுக்கதுக்கில்ல பாய். தினமும் வைக்கதுக்குத்தான் வேணும்."

"தம்பி," என்றார் சித்தீக், "உங்களுக்குத் தேவ கார் இல்ல, பீரோ." சொல்லிவிட்டு வேனுக்கு அடியில் போய்விட்டார்.

அன்று தொடங்கியது அந்தச் சடங்கு. சாயங்காலம் ஞானசிங் ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் அன்றைய தள்ளுபடிச் சாமானுமாக இறங்குவான். சாவி போட்டு முன் கதவைத் திறப்பான். லீவரை இழுப்பான். பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்து நிறுத்துவான். டெர்மினலை மாட்டி முறுக்குவான். மாட்டிய கணத்தில், திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து அலாரம் அலறும். ஓடிப் போய் ரிமோட்டை அமுக்கி அதன் வாயை அடைப்பான். டிக்கியைத் திறப்பான். ஒரு டீ வடிகட்டியை உள்ளே வைப்பான். டிக்கியை மூடுவான். பிறகு எல்லாம் தலைகீழாக ஒரு தடவை.

பானெட் தூக்கியிருக்கும் காரைப் பார்த்தாலே சுற்றிக்கொண்டிருக்கும் கார்கள் பிரேக் போடும். பெஷாவர்காரர், கோழிக்கோட்டுக்காரர், எகிப்துக்காரர் என்று ஆளுக்கு ஆள் கண்ணாடியை இறக்கிக் கேட்பார்கள். நஹி பாய், இல்லை சேட்டா, மாஃபி, மாஃபி என்று ஞானசிங் ஆளுக்கேற்ற மொழியில் இல்லை என்பான். அந்தக் குளிர்காலத்தில் அவன் மொழியறிவு நன்றாக வளர்ந்தது. பின்னால் ஹாரன் வரிசை கட்டும். மாடிகளில் ஜன்னல் திறக்கும். கட்டடத்துக் குழந்தைகள் அலாரம் கேட்டால் சாயங்காலம் என்று தெரிந்துகொண்டார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் பின்னாலிருந்து ஷம்சாத் விடாமல் ஹாரன் அடிக்க, அந்தப் பதற்றத்தில் ஞானசிங் டெர்மினலைக் கழற்றிய ஸ்பேனரைத் தோசைக் கல்லோடு சேர்த்து டிக்கிக்குள் போட்டு அறைந்து மூடிவிட்டான். ரிமோட்டை அமுக்கினான். பாட்டரியைத்தான் கழற்றியாயிற்றே. மாட்டலாம் என்று ஸ்பேனரைத் தேடினான். நின்றான்.

படியில் உட்கார்ந்து சுலைமானி குடித்துக்கொண்டிருந்த எபினுக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது.

"அண்ணே, ஊர்ல உள்ள லிப்ட் எல்லாம் தெறந்து விடுதியரு. இதுக்குள்ள ஆளு மாட்டியிருந்தா என்ன செய்வியரு?"

"மனுசன் மாட்டினா ஒடச்சிருவேன்லே. உள்ள மிக்ஸி இருக்கு."

"வண்டிய வித்திட்டு எடத்த மட்டும் வச்சிக்கிட முடியுமாண்ணே?"

"சிரிக்காம போய் மேலேருந்து ஒரு பிளேயர் எடுத்திட்டு வாலே."

ஒரு நிமிடம் எபின் சொன்னதை அவன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான் என்பது வேறு விஷயம்.

ரெபேக்காள் வரும் நாள் வந்தது. காலை விமானம். ஞானசிங் லீவு போட்டிருந்தான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, காரைத் துடைத்துப் பளபளக்க வைத்தான். டெர்மினலை முறுக்கினான். அலாரம் அலறியது. அடைத்தான். உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு. இஞ்சின் குதிரை மாதிரி எழுந்தது. குளிர்காலம் முழுக்கப் பாட்டரியைக் காப்பாற்றிவிட்டான். சித்தீக் பாய் சொன்ன ஒவ்வொன்றும் பலித்தது. டிக்கியும் திறந்தது. ஞானசிங்குக்குக் கண்ணில் நீர் வந்தது.

கியரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

ஷம்சாத். கொரோலா இண்டிகேட்டர் மினுமினுக்க நின்றது. கொரோலாவுக்குப் பின்னால் ஒரு பஜேரோ. அதற்குப் பின்னால் ஒரு காலி டாக்ஸியின் டிரைவர்கூட எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் உறைத்தது. இந்தக் கார் ஏர்போர்ட்டுக்குப் போனால் வாசல் போகும். வாசல் வேண்டுமானால் கார் போகக் கூடாது. ரெபேக்காள் இரண்டு பெட்டிகளோடு வருவாள். ஒன்றில் கருவாடு இருக்கும், இன்னொன்றில் அம்மா கொடுத்தனுப்பிய வாழைக்காய் வற்றல் இருக்கும், இரண்டும் கனம். இங்கே இடமில்லாமல் அடுத்த பேட்டை ஜாஃபிலியாவின் மணல்வெளியில் கொண்டு நிறுத்திவிட்டு அங்கிருந்து அவளை நடத்திக் கூட்டி வருவதா? முதல் நாளா? பத்தடி என்று சொன்னதென்ன?

எபினை இடத்தில் நிற்க வைக்கலாம் என்றால் அவன் டூட்டிக்குப் போய்விட்டான்.

பின்னால் ஷம்சாத் மரியாதையாக ஒரே ஒரு ஹாரன் அடித்தார்.

ஞானசிங் இஞ்சினை அணைத்தான். இறங்கினான். பானெட்டைத் தூக்கினான். டெர்மினலைக் கழற்றினான். காரைப் பூட்டினான். அதே கார் வரிசையில் மூன்றாவதாக நின்ற டாக்ஸியில் ஏறி, "ஏர்போர்ட்," என்றான்.

ரெபேக்காள் தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்க்கிங் பக்கம் திரும்பி நடக்கப் போனாள்.

"அந்தப் பக்கம் இல்ல," என்றான் ஞானசிங். "டாக்ஸி இஞ்ச."

"டாக்ஸியா? வண்டி ரிப்பேரா?"

"சே சே. வண்டி பக்காவா இருக்கு. காலையிலகூட ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆச்சி."

"அப்பொறம்?"

"பார்க்கிங்ல நிக்குது."

நோயாளி சொல்வதை நம்பாமல் மறுபடி கேட்கிற நர்ஸ் போல ரெபேக்காள் அவன் முகத்தைப் பார்த்தாள். டாக்ஸியில் ஏறிய பிறகு, வழி நெடுக, அவன் முழுக் கதையையும் சொன்னான். வெள்ளிக்கிழமை கிடைத்த இடம், பனி மூட்டம், மைனஸ் டெர்மினல், ஷம்சாத். அவள் குறுக்கே பேசவில்லை. பாலம் ஏறும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஞானசிங்குக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

வாசலில் இறங்கினார்கள். சொன்னபடி பத்தடிதான். வெள்ளிக் கார் துடைத்த பளபளப்பில் மின்னிக்கொண்டு நின்றது. ரெபேக்காள் பெட்டிகளைக் கட்டடக் காவலாளியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பானெட் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"சில்லுனு கெடக்கு. எத்தன மாசமாச்சி?"

ஞானசிங் பானெட்டில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"தெறங்க."

திறந்தான். சடங்கு முழுவதையும் அவள் கைகட்டி நின்று பார்த்தாள். அலாரம் அலறியபோது காதைப் பொத்திக்கொண்டாள். டிக்கி திறந்ததும் உள்ளே குனிந்தாள். குக்கர், மிக்ஸி, கம்பளி, இட்லிப் பானை, தோசைக் கல், டம்ளர், வடிகட்டி, எல்லாம் தாளில் சுற்றி, இடுக்கு இல்லாமல் அடுக்கியிருந்தது. திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்த நீலம். அவள் முகம் கொஞ்சம் இளகியதை ஞானசிங் பார்த்தான்.

"எல்லாம் நான் வாரதுக்கா?"

"பின்னே யாருக்கு?"

அவள் டிக்கியை மூடினாள். நேராகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

"எடுங்க."

"எங்க?"

"எங்கயாவது. கடலப் பாக்கணும்."

"ரெபேக்கா, இப்ப எடுத்தோம்னா..."

"மாசக் கணக்கா போன்ல உங்க வண்டியத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். நான் பாக்க வந்தது வண்டிய. எடத்த இல்ல."

ஞானசிங் பானெட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான். கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது என்று தெரியும். இஞ்சினைக் கிளப்பி, பின்னால் எடுத்து, வளைத்து, சந்தை விட்டு வெளியேறினான். கொரோலா அந்த இடத்தில் சறுக்கி நுழைந்த சத்தம் மட்டும் காதில் விழுந்தது. யாரோ கைதட்டினார்கள்.

ஜுமைராவில் கடலைப் பார்த்தார்கள். ரொட்டியில் சுருட்டிய ஷவர்மாவைக் காருக்குள்ளேயே தின்றார்கள். ரெபேக்காள் ரேடியோவை அமுக்கினாள். அது ஏதோ ரகசிய எண் கேட்டது. பாட்டரி கழற்றிய அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றான். அப்படியானால் நீங்களே பாடுங்க என்றாள். அவன் பாடவில்லை. ஆனால் ஓட்டினான். முதல் ரவுண்டானாவில் வேர்த்த கை இரண்டாவதில் காய்ந்துவிட்டது. கார் நன்றாக ஓடியது. இவ்வளவு நன்றாக ஓடும் என்று அவனுக்கே தெரியாது.

சாயங்காலம் கராமாவுக்குத் திரும்பினால், எதிர்பார்த்த கூட்டம். சந்து சந்தாகச் சுற்றினார்கள். கடைசியில் நாலு தெரு தள்ளி, ஒரு தையல் கடை ஓரத்தில், இரண்டு வேன்களுக்கு நடுவே ஒரு சந்து போல ஓர் இடம் கிடந்தது.

"அதுல போவாது," என்றான் ஞானசிங்.

"போவும். ஸ்ட்ரெச்சர் இதவிடச் சின்ன லிப்ட்ல போவும்."

அவள் இறங்கிப் பின்னால் நின்று கையைக் காட்டினாள். இடது, இன்னும் இடது, நில்லுங்க, இப்ப நேரே. தையல் கடைக்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து பார்த்தார். வேறு நாலு பேர் நின்றார்கள். ஏழு தடவை தோற்றவன் இரண்டே வளைப்பில் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

குக்கரையும் கம்பளியையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தெருமுனையில் ஞானசிங் திரும்பிப் பார்த்தான். தையல் கடைக்கு மேலே துணிப் பந்தல் இருந்தது. மதிய வெயில் படாது. இரண்டு பக்கமும் வேன். யாரும் கதவால் இடிக்க மாட்டார்கள். குப்பைத் தொட்டியும் தூரம்.

"கொள்ளாத்த எடமில்ல பாத்துக்க," என்றான் மெதுவாக. "நல்ல எடம்."

ரெபேக்காள் நின்றாள்.

"நாளைக்கு எனக்கு டூட்டி ஜாயின். காலம்பற ஆறரைக்கு நான் இஞ்ச வந்து நிப்பேன்."

"ம்."

"வண்டி ஓடிக்கிட்டு நிக்கணும். என்ன கொண்டு விட்டிட்டு, நீங்களும் இதுலதான் டூட்டிக்குப் போவணும்."

"கம்பெனி பிக்கப் வருமே..."

"வண்டிய எடுப்பியளா, மாட்டியளா?"

தையல் கடைக்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார். ஞானசிங் கம்பளியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான்.

"எடுப்பேன்," என்றான்.

"சத்தமா."

"எடுப்பேன், எடுப்பேன். நடம்மா, குக்கர் கனக்கும்."